கயிறு கட்டிய பின் இரண்டு மணி நேரம்

கேள்வி: பினாங்கில் நான்கு நண்பர்கள் சேர்ந்து 30 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்று வாங்கினோம். மரினாவில் நிற்கிறது. வேலை, குடும்பம் என்று எல்லோருக்கும் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற முடிகிறது. ஒவ்வொரு முறையும் முதல் நாள் ரிப்பேரிலேயே போய்விடுகிறது. ஒருமுறை பேட்டரி, ஒருமுறை டாய்லெட், போன முறை இஞ்சின் சூடாகி நின்றுவிட்டது. வரும் ஜனவரியில் லங்காவி போக ஆசை. நடுவில் என்ன செய்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும்? சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

பதில்: உங்கள் படகுக்கு வந்திருக்கும் நோய் சும்மா நிற்பது. நம் ஊர் வெப்பத்திலும் உப்பிலும் ஒரு படகு தொடர்ந்து ஓடினால்கூட இவ்வளவு கெடாது. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் ரப்பர் இறுகும், பேட்டரி வற்றும், குழாய்க்குள் நின்ற கடல்நீர் அழுகும். நீங்கள் சொன்ன மூன்று பழுதும் இந்த வகைதான்.

அதனால் பராமரிப்பை அடுத்த பயணத்துக்கு முந்தைய வாரம் தொடங்காதீர்கள். இந்தப் பயணம் முடிந்து மரினாவில் கயிறு கட்டியதும் தொடங்குங்கள். நால்வரும் களைத்துப்போய், கார் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தை விட்டால் அடுத்த முறை ஒரு நாள் போகும். தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரத்தை அப்படியே விட்டால் மறுநாள் கனக்கும். ஃபைபர் படகுக்காரர்கள்தான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

முதலில் டாய்லெட், ஏனென்றால் அதற்கு ஐந்தே நிமிடம். கடல்நீரால் ஃப்ளஷ் ஆகும் டாய்லெட்டில் வரும் நாற்றம் பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் காரணத்தால் வருவதல்ல. உள்ளே வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து அழுகுவதுதான் காரணம். கிளம்பும் முன் கிண்ணத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி பம்ப் அடித்து விடுங்கள். உள்வரும் குழாயிலும் நல்ல தண்ணீர் போக வழி செய்துகொண்டால் இன்னும் நல்லது. அப்புறம் சமையல் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி நாலு தரம் அடித்தால் பம்பின் ரப்பர் இறுகாமல் இருக்கும்.

சரி, இஞ்சினுக்கு வருவோம். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

படகு டீசல் இஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சுவது இம்பெல்லர் என்னும் சின்ன ரப்பர் சக்கரம். உள்ளங்கையில் அடங்கும், பூவிதழ் போல இறக்கைகள் இருக்கும். பம்புக்குள் சில இறக்கைகள் எப்போதும் மடங்கியபடி இருக்கும். இஞ்சின் ஓடினால் மடங்குவது மாறிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அதே இறக்கை இரண்டு மாதம் மடங்கியே கிடக்கும். பிறகு ஸ்டார்ட் செய்த வேகத்தில் அடிப்பாகம் விரிசல் விடும். வருடம் ஒருமுறை, ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும், இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

என் அனுபவம் ஒன்று. லங்காவி போகும் வழியில் உள்ள பாயார் தீவுக்குத் தெற்கே காற்றில்லாமல் இஞ்சினில் போய்க்கொண்டிருந்தோம். புகைபோக்கிக் குழாயில் தண்ணீர் துப்பும் சத்தம் மாறி, வறட்டுக் கனைப்பு போல ஆனது. இஞ்சினை அணைத்து பம்பைத் திறந்தால் இம்பெல்லரில் மூன்று இறக்கைகள் இல்லை. புதியது கையில் இருந்தது. மாட்டிக் கிளம்பினோம், எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். முக்கால் மணி நேரத்தில் மறுபடி சூடு. காரணம் எளிது: உடைந்த இறக்கைகள் எங்கும் மறைந்து போகவில்லை. தண்ணீரோடு போய், இஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டு நின்றன. குழாயைக் கழற்றி, வளைந்த கம்பியால் ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இம்பெல்லரின் மேல் பொருத்திப் பார்த்தோம். மூன்றும் சேர்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தோம். போன முறை உங்கள் இஞ்சின் சூடானபோது இம்பெல்லரை மட்டும் மாற்றியிருந்தால், துண்டுகளைத் தேடினார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இம்பெல்லரில் குறையே இல்லையென்றால் கடல்நீர் வடிகட்டியையும் நுழைவாயையும் பாருங்கள். அங்கே நிற்பது ஜெல்லி மீனாகவோ பிளாஸ்டிக் பையாகவோ இருக்கும்.

இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது பின்பக்கம்: தண்ணீர் வருகிறதா? இதை நால்வருக்கும் பழக்கமாக்குங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு திருப்பலிலும் பம்ப் கடல்நீரை உள்ளே தள்ளும். அதை வெளியே ஊத இஞ்சினின் புகை இல்லாததால் மஃப்ளர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் கேட்கவில்லையென்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். இஞ்சின் பிடித்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும்.

டீசல் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். மேல்தளத்தில் இருக்கும் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கருஞ்சேறாகப் படியும். மரினாவில் நிற்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். அலையில் டேங்க் குலுங்கும்போது கலங்கி ஃபில்டரை அடைக்கும். அதாவது இஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில். ஃபில்டருக்கு அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். இஞ்சின் ஆயிலை நீண்ட ஓய்வுக்கு முன்பே மாற்றுங்கள். பழைய ஆயிலின் அமிலத்தோடு இரண்டு மாதம் ஊற விடுவதில் லாபமில்லை.

பேட்டரி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கி அப்படியே விட்டால் சீக்கிரம் செத்துவிடும். சின்ன சோலார் பலகை ஒன்றும் ஒரு கன்ட்ரோலரும் போட்டாலே போதும்.

பூட்டும் முன் படகின் அடியில் உள்ள வால்வுகளையெல்லாம் மூடுங்கள். கைப்பிடி அசைய மறுத்தால் மூட்டில் கிரீஸ் வைத்து, மாதம் ஒருமுறை ஆட்டி வையுங்கள். வால்வின் உலோகம் செம்புபோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று தண்ணீர் மட்டத்துக்கு இரண்டடி கீழே கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அதனால் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் அதற்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அடித்தளத்தில் (பில்ஜ்) தேங்கும் தண்ணீரை வெளியேற்றத் தானாக ஓடும் பில்ஜ் பம்பையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். அடித்தளத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஓட வேண்டும். கேஸ் சிலிண்டரை அடுப்பில் மூடினால் போதாது, சிலிண்டரிலேயே மூடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நேரே அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

பாய்களை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, முடிந்தால் படகிலிருந்து இறக்கிவிடுங்கள். வெயிலில் முதலில் போவது துணியில்லை, தையல் நூல். விரல் நகத்தால் தையலைச் சுரண்டிப் பாருங்கள். நூல் அறுந்தால் மொத்தப் பாயையும் திரும்பத் தைக்கும் காலம் வந்துவிட்டது. சின்ன வேலைதான், விட்டால் ஒரு காற்றில் பாய் முழுக்கப் பிரிந்துவிடும். பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகளில் பார்க்க வேண்டிய இடம் கீழ்முனை. உப்புத் தண்ணீர் வழிந்து தேங்குவது அங்கேதான். ஒரு பழைய துணியால் கம்பியைப் பிடித்து மேலிருந்து கீழே உருவுங்கள், அறுந்த ஒரு இழை இருந்தாலும் துணியில் மாட்டும். வெறுங்கையால் செய்யாதீர்கள், தழும்பு என்னிடம் இருக்கிறது. ஒரு இழை போனாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டும். பழைய படகு வாங்கியவர்கள் கம்பியின் வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வருடம் தாண்டியது என்றால் தேவையில்லாத துணிச்சல் வேண்டாம்.

அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு ஏறுவது நம் கடலில் மிக வேகம். பெயிண்ட் எவ்வளவு நல்லதென்றாலும் ப்ரொப்பெல்லரில் ஒட்டிக்கொள்ளும். பயணத்துக்கு முன் ஒரு முழுக்காளியை இறக்கிச் சுரண்டச் சொல்லுங்கள். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் துத்தநாகக் கட்டி அங்கே இருக்கும். அவரையே அது பாதி கரைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆள் போடுவது. போடலாம். மாதம் இரண்டுமுறை வந்து கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, இஞ்சினை அரை மணி ஓட்டி, பில்ஜைப் பார்த்துப் போவதற்கு நல்ல உதவி. வெறும் ஐட்லிங்கில் ஓட்டினால் இஞ்சினில் கரிதான் படியும். கயிற்றில் கட்டியபடியே கியர் போட்டு, கொஞ்சம் பாரத்தோடு ஓட்டச் சொல்லுங்கள். ஆனால் பழுது பற்றிய தகவல் உங்களிடம்தான் இருக்கிறது. கடைசிப் பயணத்தில் கயிறு இழுக்கும் வின்ச் கரகரத்தது, மேல் ஜன்னல் ஓரம் ஒழுகியது என்பதை அவர் எப்படி அறிவார்? படகில் ஒரு நோட்டு வையுங்கள். கெட்டதைக் கண்டவர் அப்போதே எழுத வேண்டும், தேதியோடு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த பிறந்தநாள் வாழ்த்தில் அடித்துக்கொண்டு போய்விடும்.

பலபேர் சேர்ந்து அடித்தால் பாம்பு சாகாது என்பார்கள். நாலு பேர் படகுக்கும் அதுதான் கதி. இஞ்சின் ஒருவருக்கு, பாயும் கயிறும் ஒருவருக்கு, மின்சாரம் ஒருவருக்கு, சமையல், டாய்லெட், நங்கூரம் ஒருவருக்கு என்று பிரித்துவிடுங்கள். வருடம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இஞ்சின்காரர் வராத பயணத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பணத்துக்கு மாதாமாதம் ஒரு பொதுக் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுங்கள். ரிப்பேர் வந்த பிறகு கைநீட்டினால் நட்பு சேதமாகும், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லங்காவிப் பயணத்துக்கு நல்ல மாதத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று, இந்தக் கரையில் கடல் அமைதி. ஜார்ஜ் டவுனிலிருந்து சுமார் 60 கடல் மைல். காற்று வலப்புறத்திலிருந்து கொஞ்சம் முன்னால் வரும், உங்கள் படகு சுகமாகப் போகும். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரம். ஒரே மூச்சில் போகாமல் பாயார் தீவில் நிறுத்திப் பிரித்துக்கொள்ளலாம். அது கடல் பூங்கா, பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. மிதவையில்தான் கட்ட வேண்டும், இரவு தங்கும் விதிகளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லங்காவியில் நங்கூரம் போடும்போது ஏற்றவற்றம் பெரிய நாட்களில் 3 மீட்டர் வரை இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்து, அதிகபட்ச ஆழத்தின் ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள்.

பகலிலேயே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மீன் வலைகளுக்குச் சின்னக் கொடியோ மினுங்கும் விளக்கோதான் அடையாளம், சிலவற்றுக்கு அதுவும் இருக்காது. ஒருவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். வலையில் ஏறிவிட்டோம் என்று தெரிந்ததும் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பின்னோக்கி ஓட்டி விடுவிக்கப் பார்த்தால் இன்னும் சுற்றிக்கொள்ளும். இஞ்சினை அணைத்துவிட்டு, பாயை இறக்கி, படகு நின்ற பிறகு கொக்கிக் கழியால் வலையின் மேல்கயிற்றை அமுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் இறங்குபவரின் இடுப்பில் கயிறும் கையில் பற்கள் உள்ள கத்தியும் இருக்கட்டும், இஞ்சின் சாவி மேலே இருப்பவரின் சட்டைப்பையில் இருக்கட்டும்.