கட்டுப்பாடும் கராத்தேதான்

கேள்வி: மாவட்டக் கராத்தே போட்டியில் முன்னிலையில் இருந்த என் மகன், எதிராளியின் முகத்தில் பலமாகக் குத்திவிட்டான் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டான். நடுவரிடம் நான் எவ்வளவோ வாதாடியும் பயனில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீழ்த்தியவரை விட்டுவிட்டு, மயங்கி விழுந்தவருக்குத் தங்கம் கொடுத்ததும் இதே அநியாயம்தானே?
- வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: இரண்டுமே அநியாயம் அல்ல.

2021 ஆகஸ்ட் 7 அன்று நிப்பான் புடோகான் அரங்கில் நடந்த, 75 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான குமித்தே (கராத்தேயில் இருவர் நேருக்கு நேர் மோதும் பிரிவு) இறுதிப் போட்டியைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என முன்னிலையில் இருந்தபோது அவர் வீசிய உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் அவரை வெளியே கொண்டுசென்றார்கள். அளவுக்கு மீறிய வலுவோடு தாக்கியதற்காக ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வென்றிருந்தால் அது சவூதியின் முதல் ஒலிம்பிக் தங்கமாக இருந்திருக்கும் என்பதால், அவருடைய கண்ணீரைப் பார்த்தவர்களுக்கு மனம் கனத்தது உண்மை, எனக்கும் கனத்தது. ஆனாலும் தீர்ப்பு சரியானதே.

குமித்தே குத்துச்சண்டை அல்ல. தலைக்கு உதை விட்டால் மூன்று புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அந்த உதை இலக்கைத் தொடும் இடத்தில் அடங்க வேண்டும். புள்ளி வழங்க நடுவர்கள் பார்க்கும் அளவுகோல்களில் வேகம், நேரம், தூரம் ஆகியவற்றோடு விளையாட்டுக்குரிய மனப்பான்மையும், அடித்த பிறகும் தளராத விழிப்பும் இடம்பெறுகின்றன. முழு வலிமையோடு கிளம்பிய காலை மயிரிழையில் நிறுத்துவதற்குத்தான் ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவைப்படுகிறது. நிறுத்த முடியாமல் போனால் அது அந்தக் கலையில் நேர்ந்த பிழை. அடிபட்டதாக நடிப்பவருக்கும் அதே விதிகளில் தண்டனை உண்டு என்பதால், விழுந்துவிட்டால் வெற்றி என்று யாரும் கணக்குப் போட முடியாது. (கெண்டோ என்னும் ஜப்பானிய வாள்சண்டை விளையாட்டில் இன்னும் கடுமை: புள்ளி எடுத்த மகிழ்ச்சியில் கையை உயர்த்திக் கொண்டாடினால், எடுத்த புள்ளியையே ரத்து செய்துவிடலாம்.)

அன்று ஹமேதி என்ன செய்தார் என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்காமல் சொன்ன அவர், அதை ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். கஞ்ச்சாதேயும் இப்படி வெல்ல நேர்ந்ததில் தமக்கு வருத்தம் என்றார். தங்கத்தை இழந்தவரே அவ்வளவு நிதானம் காத்திருக்க, மாவட்டப் பதக்கம் ஒன்றுக்காக, பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் நீங்கள் நடுவரோடு சண்டையிட்டிருக்கிறீர்கள். விதியில் ஐயம் இருந்தால் முறையிடப் பயிற்சியாளர் இருக்கிறார். பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து வருவது தந்தையின் வேலை அல்ல. உங்கள் மகன் அன்று கற்றுக்கொண்டு போனது குத்தை அடக்குவதையா, நடுவரைக் குறை சொல்வதையா?

நீங்கள் எழுதியதில் உங்கள் மகனின் புள்ளிகள் இருக்கின்றன, நடுவர் இருக்கிறார், ஒலிம்பிக்கும் இருக்கிறது. முகத்தில் குத்து வாங்கிய அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. மகனையும் அழைத்துக்கொண்டு போய் அவனைப் பார்த்துவிட்டு வாருங்கள்.