முதல் ரத்தம் சித்தியுடையது

கேள்வி: அம்மா 48 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். சித்திக்கு (அம்மாவின் தங்கை) 42-இல் மார்பகப் புற்றுநோய், இப்போது நலம். எனக்கு 29. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் சித்திக்குச் செய்யுங்கள். நோய் வந்தவரின் ரத்தத்தில் பி.ஆர்.சி.ஏ. 1, 2 (மாற்றம் இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள்) உள்ளிட்ட மரபணுத் தொகுப்பைப் பார்த்து, மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், உங்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும். செலவு குறைவு, 'இல்லை' என்று வந்தால் நம்பவும் முடியும். நேரே உங்களுக்குச் செய்தால், குடும்பத்தில் ஓடுவது வேறு மரபணுவோ என்ற சந்தேகம் அப்படியே நிற்கும். சித்தியிடம் எதுவும் அகப்படாவிட்டால், அம்மாவிடம் இருந்திருக்கலாம் என்பதால் உங்களுக்கு முழுத் தொகுப்பும் தேவை. சோதித்துப் பார்க்க அம்மாவின் பயாப்ஸி பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) மருத்துவமனையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சில அறிக்கைகளில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வரும், அதாவது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாதது. தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை என்பதால் நம்மவர்களுக்கு இது கூடுதல். இதை வைத்து எதையும் வெட்டி எடுக்கக் கூடாது.

பி.ஆர்.சி.ஏ. 1 மாற்றம் உறுதியானால் 25 வயது முதல் ஆண்டுக்கொரு மார்பக எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும். சினைப்பைக்கு நம்பகமான முன்கூட்டிய பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் தவறவிடும். ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின், 35–40 வயதுக்குள், சினைப்பையைக் கருக்குழாயோடு சேர்த்து அகற்றுவதே பரிந்துரை. இந்த முடிவைச் சந்திக்கத் தயாரா என்று மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு ரத்தம் கொடுங்கள்.