பம்பர் ஏன் பளபளக்க மாட்டேன் என்கிறது? பென்சிலில் கார்ட்டூன் கார்: கேள்வி பதில்

பழைய அம்பாசிடர் ஒன்றுக்குக் கண், வாய், மீசை எல்லாம் வைத்துப் பென்சிலில் வரைந்த 'தாத்தா கார்' படத்தைக் காட்டியதிலிருந்து சேலம், ஏற்காடு பக்கத்து நண்பர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, கார் வரைய உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. சக்கரமா, பாடியா? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

இரண்டும் இல்லைம்மா, பெட்டி. கீழே நீளமாக ஒரு பெட்டி, அதன் மேல் சின்னதாக இன்னொன்று. முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற கோணத்தில் வையுங்கள். 2ஹெச் பென்சிலில், பட்டும் படாமல் கோடு போட்டால் போதும். (பென்சிலில் ஹெச் என்றால் கடினம், கோடு வெளிறி விழும். பி என்றால் மென்மை, கறுப்பு கூடும். ஹெச்பி இரண்டுக்கும் நடுவில்.)

நிஜக் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று சக்கரம் வைக்கிற அளவுக்கு இடம் இருக்கும். அதை ஒன்று, ஒன்றரை என்று சுருக்கிவிட்டு மேல்பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். உடனே குழந்தை முகம் வந்துவிடும். என் தாத்தா காருக்கு நீளத்தைக் குறைக்கவில்லை. வயசான வண்டிக்கு நீளமும் கொஞ்சம் தொங்கின வயிறும்தான் அழகு.

சக்கரத்தில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். முதலில் அச்சு போகிற திசையில் ஒரு கோடு இழுங்கள். நீள்வட்டத்தின் குறுகலான அளவு அந்தக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும், நீளமான அளவு அதற்குக் குறுக்காக. இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நன்றாக ஷேடு கொடுத்தாலும் சக்கரம் கழன்று விழப்போகிற மாதிரியே நிற்கும்.

கண்ணை ஹெட்லைட்டில் வைப்பதா, முன்கண்ணாடியில் வைப்பதா? (ஆத்தூர்)

நல்ல கேள்வி. பாத்திரத்தின் குணமே இங்கேதான் முடிவாகிறது. டிஸ்னி 1952ல் எடுத்த சூசி என்ற நீலக் காரின் குறும்படத்திலேயே கண்கள் முன்கண்ணாடியில்தான் இருந்தன. 2006ல் வந்த பிக்சார் நிறுவனத்தின் 'கார்ஸ்' படத்திலும் அப்படித்தான். காரணம் இருக்கிறது. ஹெட்லைட்டில் கண் வைத்தால் முகம் முழுக்க மூக்கு நுனிக்கே இறங்கிவிடும், பின்னால் இருக்கிற மொத்த பாடியும் வெறும் வால். கண்ணாடியில் வைத்தால் பானட் மூக்காகும், கிரில் வாயாகும், பம்பர் தாடை. முன்பாதி முழுவதும் நடிக்கத் தொடங்கிவிடும்.

அப்படியிருந்தும் அம்பாசிடருக்கு நான் ஹெட்லைட்டிலேயே கண் வைத்தேன். அந்த உருண்டை விளக்குகள் ஏற்கெனவே நம்மை உற்றுப் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் மட்கார்டு கன்னம் மாதிரி உப்பியிருக்கிறது, நடுவில் அகலமான கிரில். 2014ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இன்றைய கார் எதற்கும் அப்படி ஒரு முகம் இல்லை என்பது என் கருத்து. வண்டி நேராக நின்று நம்மைப் பார்க்கிறது என்றால் ஹெட்லைட் சரி. திரும்பணும், ஓடணும், பக்கத்து வண்டியோடு பேசணும் என்றால் கண்ணாடிக்குப் போங்கள்.

எங்கே வைத்தாலும் கருவிழியை முழு வட்டமாக விட்டுவிடாதீர்கள். சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் வண்டி பயந்துபோன மாதிரி இருக்கும். மேல் இமை கருவிழியின் தலையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். பாதி வரை இறக்கினால் தூக்கக் கலக்கம். உள்பக்கமாகச் சாய்த்து இறக்கினால் கோபம்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. வெள்ளி எப்படி மின்னும் என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் நான் வரைகிற பம்பர் சிமெண்ட் பூசினது போல இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் பளபளப்பு வரவில்லை. (செவ்வாய்ப்பேட்டை)

தேய்ப்பதால்தான் வரவில்லைங்க. ஷேடிங் என்றால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெதுவாகத் தேய்த்துக் கொண்டுபோவது என்றே நமக்கெல்லாம் பழகிவிட்டது. பந்துக்கும் பழத்துக்கும் அது சரி. பாலிஷ் போட்ட வெள்ளி, பம்பர் மாதிரி உலோகத்துக்குச் சொந்தமாக ஒரு நிறமே கிடையாது. எதிரில் இருப்பதைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே பம்பரை வரையாதீர்கள், பம்பரில் தெரிகிற வானத்தையும் ரோட்டையும் வரையுங்கள்.

பட்டறையில் பாலிஷ் முடிந்த கொலுசு ஒன்றை ஜன்னல் பக்கம் வைத்துக் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளைக்கு ஒட்டினாற்போலவே நல்ல கறுப்பு இருக்கும். நடுவில் சாம்பல் நிறம் அநேகமாக இருக்காது. வெள்ளையும் கறுப்பும் தோளோடு தோள் நின்றால்தான் கண்ணுக்கு அது பளபளப்பு.

இப்போது பம்பருக்கு வருவோம். உருண்ட பம்பரின் மேல்பாதி வானத்தைப் பார்க்கிறது. அங்கே பென்சிலே படக்கூடாது, தாள் தாளாகவே இருக்கட்டும். நடுவில் தொடுவானம்: 4பி பென்சிலைக் கூராகச் சீவி, ஓரம் கத்தரித்தது போல ஒரு கறுப்புப் பட்டை. அது ஒரே அகலத்தில் ஓடக்கூடாது. மரம், கட்டடம் இருக்கிற இடத்தில் மேலே எழும்பி இறங்கட்டும். ஏற்காட்டில் நிற்கிற வண்டி என்றால் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் ஒல்லி ஒல்லியான கறுப்புக் குச்சிகளாக அந்தப் பட்டையிலிருந்து கிளம்பும். பட்டைக்குக் கீழே ரோடு. ஹெச்பியில் நடுத்தரச் சாம்பல் கொடுத்து, கீழே போகப் போகக் கொஞ்சம் வெளிறவிடுங்கள். பம்பர் வளைகிற மூலையில் எல்லாப் பட்டைகளும் நெருங்கி ஒடுங்கும். அந்த ஒடுங்கலைச் சரியாகப் பிடித்துவிட்டால் வளைவு தானாகத் தெரியும்.

பானட்டுக்கும் கதவுக்கும் இதே முறைதான், ஆனால் சத்தத்தைக் குறைத்து. பானட் வானம் பார்க்கிறது, வெளிர். கதவின் கீழ்ப்பகுதி ரோட்டைப் பார்க்கிறது, அடர்த்தி. பெயிண்ட்டுக்குச் சொந்த நிறம் இருப்பதால் கறுப்பு அவ்வளவு கறுப்பாகவும் வெள்ளை அவ்வளவு வெள்ளையாகவும் வேண்டாம்.

பழகிக்கொள்ள வீட்டு எவர்சில்வர் சொம்பே போதும். வாரத்துக்கு ஒரு தடவை அதை வரைந்து பாருங்கள். கார் தானாகக் கைக்கு வரும்.

சிவப்புக் காரைப் பென்சிலில் எப்படிச் சிவப்பாகக் காட்டுவது? (குகை)

சிவப்பாகக் காட்ட முடியாது, சிவப்பின் அடர்த்தியைக் காட்டலாம். செல்போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு சிவப்புக் காரையும் மஞ்சள் காரையும் பாருங்கள். சிவப்பு நடுத்தரத்தைத் தாண்டிய சாம்பலாகத் தெரியும், மஞ்சள் வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும். சிவப்பு வண்டிக்கு 2பியில் முழுவதும் ஒரு அடி கொடுத்துவிட்டு, ஒளி படுகிற இடத்தை, மாவு மாதிரி கையால் பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுங்கள்.

டயரை 8பியில் அழுத்தி அடித்தேன். கறுப்பாக வராமல் மினுமினுவென்று மின்னுகிறது. (ஓமலூர்)

பென்சில் குச்சியில் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். இரண்டையும் கலந்து சுடுகிற முறைக்கு 1795ல் பிரான்சில் கோன்தே என்பவர் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் ஹெச், கிராஃபைட் கூடினால் பி. கிராஃபைட்டுக்கு மினுக்கு இயல்பு, அழுத்த அழுத்த இன்னும் மின்னும். அதனால் அழுத்தாமல் 4பியில் ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கு கொடுங்கள், ஒவ்வொரு அடுக்குக்கும் திசையை மாற்றி. அதுவும் போதவில்லை என்றால் டயருக்கு மட்டும் கரிப் பென்சில். ஆனால் கிராஃபைட் மேல் கரி சரியாக ஒட்டாது, ஆகவே டயரை முதலிலேயே கரியில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. டயர் தரையைத் தொடுகிற இடத்தில் மெல்லிசாக ஒரு நல்ல கறுப்புக் கோடு வேண்டும். வண்டிக்கு அடியிலும் நிழல் அடர்த்தியாக இருக்க வேண்டும். அது இல்லாத கார் காற்றில் மிதக்கும்.

இடது கைக்காரன் நான். முடிப்பதற்குள் பாதிப் படம் கையில் வந்துவிடுகிறது. (வாழப்பாடி)

வலமிருந்து இடமாக வேலை செய்யுங்கள். கைக்கு அடியில் சுத்தமான தாள் ஒன்று இருக்கட்டும். அதை இழுக்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள்.

ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் தாளே நமத்துப் போகிறது. ரப்பர் பட்டால் பிய்கிறது. படம் கலையாமல் இருக்க ஸ்பிரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. (நாகலூர்)

பனி மூட்டத்தில் தாள் ஈரத்தைக் குடித்து மெத்தென்று ஆகிவிடும். அந்த நேரம் 2ஹெச் அழுத்தினால் பள்ளம் விழும், அப்புறம் அதன் மேல் எத்தனை ஷேடு கொடுத்தாலும் அந்தக் கோடு வெள்ளையாகப் பல்லிளிக்கும். தாள்களை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். 150 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேல் கனமான கார்ட்ரிட்ஜ் என்கிற வரைதாள் வாங்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பரீட்சை அட்டையில் வைத்து வரையுங்கள். கோட்டுக்கு ஹெச்பிக்கு மேல் கடினமானது வேண்டாம். ஸ்பிரே பூப்பதற்கும் காற்றின் ஈரம்தான் காரணம். நல்ல வெயில் அடிக்கிற நாள் வரை படத்தை பட்டர் பேப்பர் போட்டு மூடி வைத்திருந்து அப்புறம் அடியுங்கள்.

சார், என் ஜீப் ஏற்காடு மலை ஏறணும். ஆனால் சும்மா நிற்கிற மாதிரியே இருக்குது. (எட்டாம் வகுப்பு, கொண்டலாம்பட்டி)

சபாஷ் கண்ணு, நல்ல யோசனை. ரோட்டைச் சாய்வாகப் போடு, மரங்களை மட்டும் நேராக நிறுத்து. மரம் நேராக நின்றால்தான் ரோடு ஏறுகிறது என்று தெரியும். மேடு ஏறும்போது பாரம் பின்னால் போகும். அதனால் பின்சக்கரத்துக்கு மேல் பாடியை அமுக்கு, மூக்கைத் தூக்கு. வளைவில் திரும்புகிறது என்றால் பாடி வளைவுக்கு வெளிப்பக்கமாகச் சாயும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டி இல்லையா, பல்லைக் கடித்துக்கொள்ளட்டும்: கிரில் கோடுகளை நெருக்கமாகப் போட்டால் பல் ஆகிவிடும். பின்னால் தெரிகிற சேலம் ஊரையும் தூரத்து மலையையும் 2ஹெச்சில் லேசாக, விவரம் இல்லாமல் விட்டுவிடு.

லாரிக்கு முகம் வைக்கலாமா? (சங்ககிரி)

தாராளமாக. லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரியில் இருந்துகொண்டு லாரி வரையாவிட்டால் எப்படி? கேபின் முன்பக்கம் தட்டையாக இருப்பதால் கண்ணாடியில் கண் அருமையாக உட்காரும். மேலே இருக்கிற பலகை நெற்றி. எழுத்து, பொட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் அங்கே போகட்டும்.

என் பையனுக்கு ஆறு வயது. கார் பைத்தியம். என்ன பென்சில் வாங்கித் தருவது? இப்போதே ஷேடிங் சொல்லித் தரலாமா? (அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா)

ஹெச்பி ஒன்று, 4பி ஒன்று. பக்கத்து ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற அப்சரா, நடராஜ், கேம்லின் எதுவானாலும் சரிங்க. பெரிய செட் வேண்டாம். ஷேடிங்குக்கு அவசரமே இல்லை. சாயங்காலம் வாசலில் நிற்கிற வண்டியைக் காட்டி, "எந்தப் பக்கம் இருட்டாக இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பக்கத்தை அவன் இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும். கோடு வெளியே போனால் திருத்த வேண்டாம். சக்கரம் நாலும் ஒரே பக்கத்தில் தெரிகிற மாதிரி வரைந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தங்களுக்குத் தெரிந்ததை வரைவார்கள். தாளுக்குப் பின்னால் தேதியை மட்டும் எழுதி வையுங்கள்.