மாரியில் வெளுத்த சிவப்பு: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் அண்ணா, டாமியா நிறுவனத்தின் 1/20 அளவு மக்லாரன் எம்பி4/4 போமியுலா 1 பந்தயக் காரின் மாதிரிப் பெட்டியை அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் தீந்தை இல்லாததால், இங்கே கடையில் சிவப்பு ஸ்பிரே டின் ஒன்றை வாங்கி, நவம்பர் கடைசியில் மழை விட்டிருந்த ஒரு மாலையில் உடற்பகுதிக்கு அடித்தேன். சற்று நேரத்திலேயே சிவப்பின்மேல் வெண்படலம் படர்ந்துவிட்டது. என் கையில்தான் பிழையா? இன்னொன்று: பெட்டிப் படத்தில் ஒரு சிவப்பு, பழைய ஒளிப்பதிவுகளில் வேறொரு சிவப்பு, சில புகைப்படங்களில் ஏறக்குறைய செம்மஞ்சள். எதை நம்புவது? காரில் இருந்த சிகரெட் நிறுவனத்தின் பெயரும் டெக்கல் தாளில் (காரில் ஒட்டும் எழுத்துகளும் சின்னங்களும் அச்சிட்ட தாள்) இல்லை. அது இல்லாத கார் முழுமையாகுமா?

வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கையில் பிழையில்லை, மாதம்தான் பிழை. ஸ்பிரே டின்னில் வரும் லக்கர் வகைத் தீந்தையின் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும். ஆவியாகும்போது தான் படிந்த பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். டின்னுக்குள் அழுத்தத்தில் இருந்த வாயு விரிந்து வெளியேறுவதால் தீந்தைத் துளிகள் முன்னரே குளிர்ந்துதான் வந்து விழுகின்றன. திருகோணமலையில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை விட்டிருக்கும் பொழுதுகளிலும் காற்றில் ஈரம் நிறைந்தே இருக்கும். அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் ஒடுங்கி, இன்னும் காயாத தீந்தைக்குள் நுண்ணிய துளிகளாகச் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் கண்ட வெண்படலம் அதுதான். நம் ஊர்க் கராஜ்களில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பாஸ்மாருக்கு இது பழகிய தொல்லை. மழை நாட்களில் மெதுவாக உலரும் தின்னரைக் கலந்துதான் அடிப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் படிக்கலாம். ஆனால் அவர்கள் தரும் தின்னரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்துவிட வேண்டாம். தகரத்துக்கு ஒன்றும் செய்யாத தின்னர் பொலிஸ்டைரீன் பிளாஸ்ரிக்கைக் கரைத்துவிடக்கூடும். பாகங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் சட்டத் துண்டில் முதலில் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது.

வெளுத்த சிவப்பை மீட்க ஒரு வழி உண்டு. உலர்ந்த நாள் ஒன்றில் அதே தீந்தையை மிக மெல்லியதாக மீண்டும் அடித்தால், புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை வெளியே விடும். எனினும் உங்கள் விடயத்தில் அந்தச் சிரமம் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியைப் பார்த்தால், அந்தச் சிவப்பே இந்தக் காருக்கு உரியதல்ல.

1988ஆம் ஆண்டின் 16 போட்டிகளில் 15ஐ வென்ற அந்தக் காரில் இருந்தது சாதாரணச் சிவப்பு அன்று. செம்மஞ்சள் சாயலுடைய ஒளிர் சிவப்பு. சிகரெட் பெட்டியின் சிவப்பை அப்படியே பூசினால் அன்றைய தொலைக்காட்சித் திரையில் மங்கித் தெரியும் என்பதால், திரையில் சரியாகத் தெரிவதற்காகவே நேரில் வேறுபட்ட நிறம் பூசப்பட்டது. எனவே நீங்கள் பார்த்த ஒளிப்பதிவும் பொய் சொல்லவில்லை, செம்மஞ்சளாகத் தெரிந்த புகைப்படமும் பொய் சொல்லவில்லை. மாதிரியை நாம் திரைக்குள் பார்க்கப்போவதில்லை, மேசையில் வைத்து நேரே பார்க்கப்போகிறோம். ஆகவே ஒளிர் சிவப்பையே பூச வேண்டும் என்பது என் முடிவு. பெட்டிப் படத்தை இந்த விடயத்தில் நான் பொருட்படுத்துவதில்லை.

அப்படியானால் இப்போதுள்ள சிவப்பின்மேலேயே அடிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 1/20 அளவில் 0.1 மில்லிமீற்றர் தடிப்பான தீந்தை, உண்மைக் காரில் 2 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சமன். உண்மைக் காரின் தீந்தையை அதே விகிதத்தில் சுருக்கினால் வரும் மெல்லிய படலத்தைப் பூசுவது நடைமுறையில் மிகக் கடினம் என்பதால், எந்த மாதிரியும் தொடக்கத்திலேயே தடித்த தோலோடுதான் பிறக்கிறது. அதற்குமேல் நாம் சேர்க்கும் ஒவ்வொரு பூச்சும் உடற்பகுதிகள் சந்திக்கும் மெல்லிய கோடுகளைத் தூர்த்து, கூர்மையான விளிம்புகளை மழுங்கடிக்கிறது. மாதிரிக் கார் ஒன்று விளையாட்டுப் பொருளாகத் தோன்றுகிறதென்றால், பெரும்பாலும் நிறம் காரணமாக இருப்பதில்லை, இந்தத் தடிப்பே காரணமாக இருக்கிறது. ஆகையால் இருப்பதை உரித்துவிடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் உடற்பகுதியை ஓரிரவு மூழ்கவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பல லக்கர் தீந்தைகள் கழன்றுவிடும், பிளாஸ்ரிக்குக்குத் தீங்கில்லை. தீப்பற்றக்கூடிய திரவம் என்பதால் அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி உலரவிட்டு, வெள்ளை பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடியுங்கள். ஒளிர் வர்ணங்களுக்கு மறைக்கும் வலு குறைவு. கீழே வெள்ளை இல்லாவிட்டால் அவை ஒளிரா. இந்தக் காரில் வெள்ளைப் பகுதிகளும் இருப்பதால் அது வசதியாகவே அமைகிறது: முழு உடலையும் முதலில் வெள்ளையாக்கி, வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களை ஒடுங்கிய மறைப்பு ரேப்பால் மூடி, அதன் விளிம்பின்மேல் மறுபடியும் சிறிது வெள்ளையை ஊதிவிட வேண்டும். ரேப்பின் அடியில் கசியக்கூடிய இடைவெளிகளை அந்த வெள்ளையே அடைத்துவிடும். அதன்பின் அடிக்கும் சிவப்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

ஒளிர் சிவப்பு ஸ்பிரே டின்னை அண்ணாவிடம் கேட்காதீர்கள். அழுத்த டின்களை விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். நீரில் கரையும் அக்ரிலிக் ஒளிர் சிவப்பைச் சிறு போத்தலில் தருவிப்பது எளிது. அதைத் தூரிகையால் பூசினால் திட்டுத்திட்டாக வரும் என்பதால் காற்றழுத்தத்தால் தீந்தையைத் தூவும் ஏர்பிரஷ் ஒன்று வேண்டும், 0.3 மில்லிமீற்றர் முனையும், ஈரம் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய சிறிய கொம்பிரசரும் போதும். தீந்தையைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஒரே தடவையில் நிறத்தைக் கொண்டுவர முயலாமல், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். பெப்ரவரி, மார்ச் மாதக் காலைப் பொழுதுகளே நம் ஊரில் இதற்கு உகந்தவை. மாரி முடிந்ததென்று மே, ஜூன் வரை தள்ளிப்போட்டால் வறண்ட கச்சான் காற்று வந்துவிடும். அப்போது எதிர்மாறான தொல்லை: துளிகள் பரப்பைச் சேருமுன்னரே பாதி உலர்ந்து சொரசொரப்பாகப் படியும், கூடவே தூசியும் ஒட்டும். யன்னலை மூடிவிட்டு அடிக்கலாம் என்றால் ஆவி அறைக்குள் தங்கும். இரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

ஓட்டுநர் அமரும் காக்பிட்டின் உட்புறத்துக்குக் காபன் இழை வடிவம் அச்சிட்ட டெக்கல்களை வாங்கச் சொல்லிப் பலர் ஆலோசனை கூறுவார்கள். மக்லாரன் 1981இல் எம்பி4/1 காரில் காபன் இழை உடற்கூட்டைக் கொண்டுவந்தது உண்மை, எம்பி4/4உம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்த இழைப் பின்னலை 20 மடங்கு சுருக்கினால் கண்ணுக்குத் தெரியாது. கடைகளில் விற்கும் டெக்கல்களில் பல, பாய் முடைந்ததுபோலப் பெரிதாக இருக்கின்றன. அரைப் பளபளப்புக் கறுப்பே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது.

இனி, இல்லாத பெயர். புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகள் காரணமாக இப்போதைய பெட்டிகளில் அதைச் சேர்ப்பதில்லை. தனியாக அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கலாம். ஆனால் அந்தக் கார் எல்லா நாடுகளிலும் அந்தப் பெயரோடு ஓடவில்லை. அத்தகைய விளம்பரத்தை அனுமதிக்காத பிரித்தானியா போன்ற இடங்களில் பெயரை நீக்கிவிட்டே ஓடியது. ஆகவே பெயரில்லாத கார் குறையுள்ள கார் ஆகாது. நீங்கள் எந்தப் போட்டியின் காரைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒரே காரின் சிறகுகளும் எழுத்துகளும் போட்டிக்குப் போட்டி மாறின என்பதால், ஏதாவது ஒரு நாளைத் தெரிந்தெடுத்து அந்த நாளின் புகைப்படங்களை மட்டும் பின்பற்றுவதே நேர்மையான வழி. பிரித்தானியப் போட்டி நடந்த சில்வர்ஸ்டோனைத் தெரிந்தெடுத்தால் இன்னொரு சிக்கல் வரும்: அன்று மழை, மக்லாரன் ஓட்டுநர் சென்னா மழை டயர்களோடு வென்றார்; பெட்டியிலுள்ள வழுவழுப்பான டயர்கள் அந்த நாளுக்குப் பொருந்தா.

டெக்கல்களை ஒட்டி நன்றாக உலரவிட்டபின் கிளியர் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சை அடியுங்கள். ஒளிர் சிவப்பு உலரும்போது பளபளப்பை இழக்கும் என்பதால் அது கட்டாயம். முதல் இரண்டு பூச்சுகள் வெறும் தூவலாக இருக்கட்டும். ஈரமாக அடித்தால் லக்கர் கிளியர் டெக்கலைச் சுருக்கிவிடும். மற்ற ஓட்டுநர் புரொஸ்ட்டின் 11ஆம் இலக்கமா, சென்னாவின் 12ஆம் இலக்கமா, எந்தப் போட்டி என்று முடிவு செய்ததும் எழுதுங்கள். அந்தப் போட்டியில் எந்தச் சிறகு பொருத்தியிருந்தார்கள் என்று நானும் என்னிடமுள்ள படங்களில் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்.