தரம் 10 பிள்ளைகள் வாயே திறக்கிறார்கள் இல்லை: பதில்

டீச்சர், ஹட்டன் பக்கம் தரம் 10க்கு இலக்கியம் எடுக்கிறேன், "கவிதையின் கருத்து என்ன?" என்று கேட்டால் முன்வரிசையில் ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் கொப்பியைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பிழை என்று படுகிறது. கருத்து என்றாலே அது டீச்சரிடம் இருக்கும், தன்னிடம் இருக்காது என்றுதான் பிள்ளை நினைக்கும்.

நம் மலையக நாட்டார் பாடல்களில் கோப்பி வரும் ஒன்றை எடுங்கள். "நம்ம ஆட்கள் பறிப்பது கொழுந்து, பாட்டில் ஏன் கோப்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். யாராவது அம்மாயி சொன்ன கதையோடு வருவார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் இங்கே கோப்பியை அழித்ததையும், அந்த இடத்துக்குத் தேயிலை வந்ததையும் அதற்குப் பிறகு சொல்லலாம். அடுத்து, "பாடுவது ஆணா பெண்ணா? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?" இதற்குச் சண்டையே வரும். வரட்டும்.

முதலில் ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அப்புறம்தான் வகுப்புக்கு. இடையில் நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் கவனித்தது இது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். அதை 3 வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன. (அந்த 3 வினாடி பல்லைக் கடித்துக்கொண்டுதான் போகும்!)

வீட்டுப் பேச்சில் சொன்னால் திருத்தாதீர்கள். பரீட்சைத் தமிழை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.