மேடைப் பேச்சைப் படிப்பதும் பழக்குவதும்: கேள்வி பதில்

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் என் மாலைப் பொழுதுகள் பெரும்பாலும் பேச்சு மன்றத்திலேயே கழிந்தன. ஓய்வு பெற்ற பிறகு பழைய அரசியல் பேச்சுகளின் கேசட்டுகளைக் கேட்டு, சொல் விடாமல் எழுதி வைத்துவருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அம்மா, அரசியல் மேடையில் செந்தமிழில் பேசினால்தான் மதிப்பு என்கிறார்கள். பேச்சுத் தமிழில் பேசினால் தரம் குறைந்துவிடுமா?

குறையாது. பெரியார் வாழ்நாள் முழுவதும் வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரிதான் மேடையிலும் பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் அவர் பேசிய கடைசிப் பேச்சின் பதிவைக் கேட்டுப் பாருங்கள். வயது 94. இடையில் வலி தாங்காமல் முனகுகிறார், அப்புறம் பேச்சைத் தொடர்கிறார். அடுக்குமொழி இல்லை, அலங்காரம் இல்லை. ஐந்து நாளில் இறந்துபோனார்.

அண்ணா போனது வேறு வழி. படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் ஏட்டுத் தமிழைப் பேசி, அதை அவர்கள் ரசிக்கும்படி செய்தார். 1990-களில் மதுரையில் தங்கி மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இதைத்தான் கவனித்தார்: மேடையில் கேட்கும் செந்தமிழ் பழமையின் மிச்சம் போலத் தோன்றினாலும், அரசியலுக்கு அது திராவிட இயக்கம் கொண்டுவந்த புதுமை. ஓட்டுரிமை எல்லோருக்கும் வந்த அதே காலத்தில் மேடைத் தமிழ் கீழே இறங்காமல் மேலே ஏறியது. நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். நம்மிடம் ஒருவர் நல்ல தமிழில் பேசினால் அவர் நம்மை மதிக்கிறார் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களுக்கு எது வாயில் தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். இரவல் தமிழ் இரண்டாவது நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: மேடைப் பேச்சே பாதிரிமாரிடமிருந்து வந்தது என்று சொல்வது சரியா?

பாதிக்கு மேல் சரி. நம்மிடம் நூல் அரங்கேற்றம் இருந்தது, புராணப் பிரசங்கம் இருந்தது. அவற்றில் ஒரு நூல் முன்னால் இருக்கும், பேசுபவர் அதற்கு உரை சொல்வார். கூட்டத்தைப் பார்த்து நின்று, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ‘நீங்கள் இப்படி மாற வேண்டும்’ என்று நேரே சொல்லும் முறை கிறித்தவ சபைப் பிரசங்கத்தோடு வந்தது.

அது எப்படிக் கை மாறியது என்பது உங்கள் ஊரிலேயே நடந்த கதை. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். எதிர்த்தரப்பின் கருவியை எடுத்துத் தம் தரப்புக்குத் தீட்டிக்கொண்டார். ‘நாவலர்’ பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் தந்தது 1849-இல்.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: பேசத் தொடங்கும் முன் ‘அவர்களே, அவர்களே’ என்று இருபது பெயர் சொல்வதை விட்டுவிடலாமே?

விடாதீர்கள், சுருக்குங்கள். நான் எழுதி வைத்த ஒரு கேசட்டில் பேச்சாளர் பெரிய தலைவர்களின் பெயர்களை வேகமாகக் கடந்து, வட்டக் கிளைச் செயலாளர் ஒருவரின் பெயரில் மட்டும் நிற்கிறார். கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து விசில் கிளம்புகிறது. பந்தல் போட்டவருக்கும் நாற்காலி இறக்கியவருக்கும் அன்றைக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு ‘அவர்களே’தான். விளிப்பு என்பது யார் யார் இந்த அவையில் உண்டு என்று அறிவிக்கும் இடம். ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’ என்று கருணாநிதி தொடங்கியதும் எழுந்த கைத்தட்டலை நேரில் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்த வரியில் கூட்டமே குடும்பமாகிவிடும்.

வாசகர், சேலம்: ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை’ மாதிரி எதுகை மோனைதானே அண்ணாவின் பேச்சு? அதில் படிக்க என்ன இருக்கிறது?

அந்தக் கதை பல வடிவங்களில் உலவுகிறது: உங்களுக்கோ நித்திரை, உதயசூரியனுக்கு இடுங்கள் முத்திரை என்று முடியும். ஓசையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மாதம் என்ன, மணி என்ன, கேட்பவர் கண்ணில் என்ன, அவர் செய்ய வேண்டியது என்ன, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. கேட்பவரின் தூக்கத்தைக் கவனித்தவர் பேசிய பேச்சு அது.

இன்னொன்று, ‘மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு’. எதிர்க்கட்சியிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். மாற்றான், மல்லிகை, மணம் மூன்றிலும் வரும் மோனை வரியை நினைவில் ஒட்டவைக்கிறது. ஆனால் வேலை செய்வது காட்சி. வாசம் வேலி தாண்டி வருகிறது, வேலி அப்படியே இருக்கிறது. மாற்றானை மாற்றானாகவே வைத்துக்கொண்டு அவன் பூவை ஒப்புக்கொள்ளலாம் என்கிற அரசியல் முழுவதும் அந்தத் தோட்டத்துக்குள் இருக்கிறது. வெறும் ஓசையாக இருந்திருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது.

பட்டதாரி ஆசிரியர், கரூர்: மாணவர்கள் நான் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். வேறு எப்படிப் பழக்குவது?

முதலில் எழுதிக்கொடுப்பதை நிறுத்துங்கள், சார். ஒரு மாவட்டப் போட்டியில் நான் நடுவராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணீரென்று தொடங்கினாள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொல் தவறியது. அடுத்த வரி அவளுக்கு வரவில்லை, ஏனென்றால் அது அவளுடைய வரியே இல்லை. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள், அதே இடத்தில் மறுபடி நின்றாள். இறங்கிப் போய் மைதானத்து வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தவளிடம், ‘என்னம்மா சொல்ல வந்தே?’ என்று கேட்டேன். அவள் ஊருக்கு வரும் ஒரே பேருந்து நின்றுபோனதையும், அதனால் அக்கா படிப்பை விட்டதையும் நான்கு நிமிடம் தடையே இல்லாமல் சொன்னாள். மேடையில் அவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு பெண் கல்வி!

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். முதல் இரண்டு வாரம் யாரும் மேடை ஏறுவதில்லை, கேட்கிறார்கள். ஒரு நல்ல பேச்சில் பத்து நிமிடத்தைப் போட்டு, காதில் விழுவதை அப்படியே எழுதச் சொல்வேன். பேச்சாளர் மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு, கைத்தட்டல் வரும் இடத்தில் ஒரு வட்டம். கைத்தட்டலுக்கு முந்தைய வரியை அவர்களே திரும்பத் திரும்பப் படித்து, ஏன் அங்கே தட்டினார்கள் என்று சண்டை போடுவார்கள். பாடம் அந்தச் சண்டையில்தான் நடக்கிறது. அப்புறம் ஆளுக்கொரு சொந்த விஷயம், தாளில்லாமல் இரண்டு நிமிடம். அது பழகிய பிறகே தலைப்பு. குறிப்பு வேண்டுமானால் ஒரு துண்டுச்சீட்டில் ஐந்து சொற்கள், முழு வாக்கியம் கூடாது.

திணறினால் திணறட்டும். அடுத்த சொல்லைத் தானே தேடி எடுக்கிற பிள்ளையின் முகத்தை விட்டுக் கூட்டத்தின் கண் அகலாது.

முதுகலை மாணவர், சென்னை: ஒலிப்பதிவு பரவுவதற்கு முந்தைய பேச்சுகளை எங்கே தேடுவது?

போலீஸ் குறிப்புகளிலும் வழக்கு ஆவணங்களிலும் தேடுங்கள். 1908-இல் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் பேசிய பேச்சுகள் ராஜத்துரோக வழக்கில் சாட்சியமாயின. வ.உ.சி.க்குக் கிடைத்த இரண்டு ஆயுள் தண்டனைகளில் ஒன்று அவருடைய பேச்சுக்கு, மற்றொன்று சிவாவுக்குத் துணை நின்றதற்கு. தமிழ்ப் பேச்சுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்று அரசு அன்றே அறிந்திருந்தது. ஒரு எச்சரிக்கை: எழுதியவர் போலீஸ்காரர். நகைச்சுவையும் குரலும் பெரும்பாலும் விழுந்துபோயிருக்கும். நாளிதழ்ச் செய்தியோடு சேர்த்துப் படியுங்கள்.

இளம் பேச்சாளர், தஞ்சாவூர்: எவ்வளவு நேரம் பேசலாம் மேடம்?

கொடுத்த நேரத்தில் முக்கால் பங்கு. ‘பலசொல்லக் காமுறுவர் மன்றமாசற்ற சிலசொல்லல் தேற்றா தவர்’ என்கிறார் வள்ளுவர். குறையில்லாத சில சொற்களைச் சொல்லத் தெரியாதவர்தான் நிறையப் பேச ஆசைப்படுவாராம்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்: அக்கா, ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டுப் பேச வேண்டும். நான் மேடையில் பேசியதே இல்லை. கை நடுங்குகிறது.

இவ்வளவு கேள்விகளில் என்னை அதிகம் நிமிர்ந்து உட்காரவைத்தது உங்களுடையதுதான், தங்கச்சி. குடத்தை எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை நடை, திரும்பும்போது மணி என்ன? நாளைக்கே குறித்து வையுங்கள். அன்றைக்கு எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, நேரே அந்த மணியிலிருந்து தொடங்குங்கள்: ‘காலையில் நாலரைக்குக் குடத்தோடு கிளம்பினால், நாலு நடை முடிய ஏழு மணி.’ அடைமொழி எதுவும் வேண்டாம். அடுத்து எத்தனை வீடு, கடைசிக் குழாய் எங்கே நிற்கிறது, அங்கிருந்து உங்கள் தெரு எத்தனை அடி. அப்புறம் கோரிக்கை, ஒரே வாக்கியத்தில். உங்கள் தெருப் பெண்கள் நாலு பேரை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

‘பார்க்கலாம்மா’ என்று யாராவது சொன்னால் உட்கார்ந்துவிடாதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் உட்காருங்கள்.