வெட்டுகிறவர் வேறு, வெட்டலாமா என்று சொல்கிறவர் வேறு

தம்பி, பழைய வீடு வாங்கியதற்கு வாழ்த்துகள். பேஸ்மென்ட் சுவரை வெட்டி ஜன்னல் வைக்கவும் வாசல் படியைச் சரிபண்ணவும் உள்ளூர் கான்ட்ராக்டரை எப்படிப் பிடிப்பது, நம்ம ஆள் ஒருவர் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறாரே கொடுக்கலாமா, குளிருக்கு என்ன ஜாக்கெட், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பள்ளிக்கூட ஆலோசனைக்கு இங்கே ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கு மட்டும் நான் வருகிறேன்.

ஏனென்றால் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டது அதுதான். கையிலிருந்த சிவில் டிப்ளமோ இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்த வேலை, கான்கிரீட் வெட்டும் கம்பெனியில் ரம்பத்துக்குப் பின்னாலேயே வாக்குவம் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றை உறிஞ்சுவது. வைரப் பிளேடு சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விட்டபடியே வெட்டுவார்கள். அந்தத் தண்ணீரும் சிமென்ட் தூளும் கலந்து சாம்பல் நிறத்தில் கூழாக ஓடும். பூட்ஸுக்குள் புகுந்தால் சாயங்காலம் கால் தோல் வெந்திருக்கும். அவ்வளவு காரம் அதில். அதை மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது. ஆனாலும் விடுகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டு வாசலில் விட்டால் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கு வரலாம். அதனால் கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது விலை அல்ல. சேற்றை யார் அள்ளுகிறார்கள், வெட்டின துண்டை யார் எடுத்துப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 25 சென்டிமீட்டர் கனச் சுவரில் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் திறப்பு வெட்டினால் வெளியே வரும் கட்டி 860 கிலோவைத் தாண்டும். அதைத் தோட்டத்தில் சாய்த்துவிட்டு "கட்டிங் முடிந்தது சார்" என்று கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். ரம்பம் பிடிப்பவர் நீங்கள் கோடு போட்ட இடத்தில் வெட்டுவார். அங்கே வெட்டலாமா என்று சொல்வது அவர் வேலை இல்லை, அது ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வேலை. மேல்மாடியின் பாரம் அந்தச் சுவர் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. திறப்புக்கு மேலே பாரம் தாங்க எந்த லிண்டல் உத்தரம், வெட்டும்போது எங்கே முட்டுக் கொடுப்பது என்று அவர் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் கான்ட்ராக்டரைக் கூப்பிட வேண்டும். அதை வைத்து அவர் பெர்மிட் வாங்கின பிறகுதான் வெட்டு. நம்மவர்கள் முதலில் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, "எஞ்சினியர் எதுக்கு, எல்லாம் எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதும் மகிழ்ந்துபோகிறார்கள். ஒரு செலவு மிச்சம் ஆயிற்றாம்! பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே எடுக்கச் சொல்கிற கான்ட்ராக்டரையும் தள்ளி வையுங்கள். அவருக்கு லைசன்ஸ் இல்லாமலும் இருக்கலாம்.

வெட்டுமுன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சின்னத் தள்ளுவண்டி மாதிரி ரேடார் கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக உருட்டி, கம்பி எங்கே, மின்குழாய் எங்கே என்று சாக்குக்கட்டியால் கோடு போடுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ கராஜ் தரையிலோ இது இல்லாமல் பிளேடே இறங்கக் கூடாது. கான்கிரீட்டுக்குள் கேபிள்களை இழுத்துக் கட்டின போஸ்ட் டென்ஷன் தளம் என்றால் உள்ளே ஒவ்வொரு கேபிளும் ஏறக்குறைய 15 டன் இழுவிசையில் நிற்கும். ஒன்றை அறுத்தால் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயலாம், ஆளே போகலாம்.

தேடி வருகிறவர்களில் தொழில் தெரிந்தவர் யார் என்று பார்க்க எனக்கு ஒரே கேள்வி போதும்: "மூலையை எப்படி முடிப்பீர்கள்?" பிளேடு வட்டம். சுவரின் மறுபக்கத்திலும் மூலை வரை வெட்டு எட்ட வேண்டுமானால் இந்தப் பக்கம் கோட்டைத் தாண்டி ஓட்டியாக வேண்டும். தாண்டின வெட்டு நல்ல கம்பியையும் அறுக்கும், பின்னால் விரிசலும் அங்கிருந்தே கிளம்பும். விவரமானவர், மூலையில் வட்டத் துளை போடுகிற கோர் ட்ரில் போட்டு அதோடு நிறுத்துவேன் என்பார், அல்லது செயின் ரம்பத்தால் முடிப்பேன் என்பார். விழிக்கிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெட்ரோல் ரம்பத்தைப் பேஸ்மென்ட்டுக்குள் இறக்க விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கரண்டிலோ ஹைட்ராலிக்கிலோ ஓடுகிற ரம்பம்தான் கேட்க வேண்டும். தண்ணீர் விடாமல் வெட்டுகிற உலர் வெட்டும் வேண்டாம். அதில் கான்கிரீட்டிலிருந்து பறக்கிற சிலிக்கா தூசியை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். நான் முதலில் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ட் அறையில், வீட்டுக்காரர் (நம்மவர்தான்) இன்னொரு வாடகைக்காரருக்கு வழி வைப்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்து உலராக வெட்டினார். பெர்மிட் ஆள் கண்ணில் படக் கூடாதாம். போர்வை, சாதம், பிள்ளையின் புத்தகம் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். கேட்டதற்கு, "ஊர்ல இதெல்லாம் பார்த்ததில்லையா?" என்றார். எனக்கு அந்த ஆள் மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அதனால் "நம்ம ஆள்" விஷயத்தில் என் கட்சி இது. உள்ளூர்க்காரரிடம் லைசன்ஸ், இன்ஷூரன்ஸ், ரசீது என்று எதையெல்லாம் கேட்பீர்களோ, அதையெல்லாம் அவரிடமும் கேளுங்கள். கொடுத்தால் தாராளமாக வேலையைக் கொடுங்கள். தாள் கேட்டதும் முகம் சுண்டினால் விட்டுவிடுங்கள். வெள்ளைக்காரன் ஏமாற்றுவான் என்று பயந்து, தாளே இல்லாத தமிழரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் ஒரு ரகம். கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மவர் யாரையும் வீட்டு வாசலில் ஏற்றாதவர்கள் இன்னொரு ரகம். இரண்டு ரகத்தோடும் எனக்குப் பேச்சு நீளாது. இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் கான்ட்ராக்டர் கையால் வாங்காமல், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்தே நேராக அனுப்பச் சொல்லுங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். சப்-கான்ட்ராக்டருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் பணம் போனதற்கு அத்தாட்சி வாங்காமல் கடைசித் தவணையை விடாதீர்கள். கான்ட்ராக்டர் அவர்களுக்குக் கொடுக்காமல் போனால், பல இடங்களில் அவர்கள் உங்கள் வீட்டின் மேலேயே கடன் உரிமை பதியலாம்.

ரிப்பேர் வேலை இதைவிட ஏமாற்றுக்கு இடம் கொடுக்கும், காரணம் மேலே பூசினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். எங்கள் ஃபோர்மேன் படிக்கட்டு வேலை என்றால் எதுவும் பேசாமல் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஏறுவார். டங் என்றால் நல்ல இடம். டொப் என்றால் உள்ளே பிரிந்திருக்கிறது, அங்கே சாக்குக்கட்டியால் வட்டம். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர் பேசிய மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் காது புரிந்துகொண்டது. பிறகு இதே நாட்டில் மறுபடி பரீட்சை எழுதி, தளத்தைச் சோதிக்கிற வேலைக்குப் போனேன். சுத்தியல் இன்னும் பையில் இருக்கிறது.

டொப் என்ற இடத்தைக் கம்பி தெரிகிற வரை, கம்பிக்குப் பின்னாலும் ஒரு 20 மில்லிமீட்டர் உடைத்தெடுக்க வேண்டும். துருவைச் சுத்தமாக நீக்கி, பழைய கான்கிரீட்டை ஈரமாக்கி, மேலே தண்ணீர் நிற்காமல் பார்த்து, அதற்கு மேல்தான் புதுக் கலவை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதை உள்ளே விட்டுப் பூசினால் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவரில் அசையாத விரிசலுக்கு எபாக்சிப் பசை, அசைகிற விரிசலுக்கும் நீர் கசிகிற விரிசலுக்கும் பாலியூரித்தேன். அசைகிறதா என்று தெரிய, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு குளிர்காலம் விட்டுப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் மேல்படி உடைந்திருப்பது கைப்பிடிக் கம்பியின் காலைச் சுற்றித்தான், துருக்கறையும் வடிந்திருக்கிறது. படியில் தூவுகிற உப்பு அந்தக் குழிக்குள் போயிருக்கும். அந்தக் கைப்பிடிக் கம்பியை எடுத்து வேறு மாட்டாமல் படியை மட்டும் பூசித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அது நம்ம ஆளோ உள்ளூர் ஆளோ, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.